'கீழே வலிக்குது' என்றால் எங்கே? பதின்வயதுப் பிள்ளையோடு பேசத் தொடங்குவது எப்படி

என் மகனுக்கு அப்போது 14 வயது. அதிகாலை மூன்று மணிக்கு எங்கள் அறைக் கதவைத் தட்டி, "அம்மா, வயிறு வலிக்குது" என்றான். வெந்நீர்ப் பை கொடுத்தேன். வாந்தி எடுத்தான். ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன். குளியலறையிலிருந்து காலை அகட்டி அகட்டி அவன் நடந்து வந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. "எங்கேடா வலிக்குது? சரியாச் சொல்லு." தரையைப் பார்த்தபடி "கீழே" என்றான்.

அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் கேட்டதும், நாங்கள் குடியேறிய இந்த நாட்டு மொழியில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்: இடது விதையில் வலி, ஒரு மணிக்குத் தொடங்கியது, வீங்கியிருக்கிறது. விதை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோயிருந்தது. ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நேரம் போகப் போக விதை செத்துவிடும், வெட்டி எடுக்க வேண்டியதுதான். ஐந்தாவது மணி நேரத்தில் உள்ளே கொண்டுபோனார்கள். தப்பித்தது.

வெளியே உட்கார்ந்திருந்தபோது என்னை அரித்தது ஒன்றுதான். பையனுக்குச் சொல் தெரிந்திருக்கிறது. முன்பின் பார்க்காத மருத்துவரிடம் தயங்காமல் சொல்கிறான். என்னிடம் சொல்லத்தான் அவனிடம் சொல் இல்லை. நான் என்ன வேலை செய்கிறேன் தெரியுமா? பதினோரு வருடமாக மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளர். கருப்பை, சினைப்பை, விறைப்புக் கோளாறு என்று அடுத்தவர் வீட்டுச் சங்கதியை எல்லாம் கூசாமல் பேசுகிறவள். அதில் ஒரு சொல்லைக்கூட வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுவந்ததில்லை.

நான் மருத்துவர் இல்லை. மருத்துவருக்கும் பெற்றோருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டதையும், வீட்டில் சொதப்பிக் கற்றதையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் சொல்லைத் தேடுங்கள்

தமிழில் இந்த விஷயத்துக்கு இரண்டு வகைச் சொற்கள் கிடைக்கின்றன. ஒன்று பாடப்புத்தகச் சொல், இன்னொன்று வசைச்சொல். நடுவில் வீட்டில் புழங்க ஒன்றுமில்லை. அதனால் "அந்த இடம்", "கீழே", "அது" என்றே ஓட்டிவிடுகிறோம். ஒருமுறை ஓர் அம்மா மருத்துவரிடம் "கீழே எரியுது" என்றார். மொழிபெயர்ப்பாளர் சொன்னதைச் சொன்னபடிதான் சொல்ல வேண்டும், கூட்டக் கூடாது. நானும் "கீழே" என்றே சொன்னேன். மருத்துவர் குனிந்து அவருடைய பாதத்தைப் பார்த்தார். அந்த அம்மாவுக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்பது தெரியப் பத்து நிமிடம் ஆனது. பெரியவர்களுக்கே இப்படி.

ஆகவே பிள்ளையைக் கூப்பிடுவதற்கு முன்னால் நீங்கள் தனியாக ஒரு வேலை செய்யுங்கள். ஆண்குறி, விதை, விதைப்பை, யோனி, மார்பகம், மாதவிடாய், விந்து, உடலுறவு, ஆணுறை, கருத்தடை. இந்தப் பத்தையும் கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகச் சொல்லுங்கள். முதல் தடவை சிரிப்பு வரும், அல்லது குரல் தானாகத் தணியும். ஐந்தாம் தடவை முழங்கை, முழங்கால் மாதிரி ஆகிவிடும். அப்புறம் கணவரோ மனைவியோ இருந்தால் அவர் முன்னால் சொல்லுங்கள். என் கணவருக்கு "விந்து" என்று சொல்ல மூன்று நாள் பிடித்தது. மூன்று பிள்ளை பெற்றவர்!

தமிழ்ச் சொல் வாயில் வரவே மாட்டேன் என்றால் விடுங்கள், பிள்ளை பள்ளியில் பழகிய மொழியின் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வந்த நாட்டு மொழி நமக்குத் தடுமாறும், அவர்களுக்குத் தமிழ் தடுமாறும். இரண்டையும் கலந்து பேசுவதில் குற்றமில்லை. சொல்லப்போனால் அது வசதியும்கூட. "இதுக்கு உங்க ஸ்கூல்ல என்ன சொல்லுவாங்க?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பிள்ளை ஆசிரியர், நீங்கள் மாணவர். சொல்லிக்கொடுக்கிறவருக்குக் கூச்சம் பாதியாகிவிடும்.

உட்கார வைத்துப் பேசாதீர்கள்

நான் செய்த முதல் தவறு இது. அறுவை முடிந்து வந்த அடுத்த மாதம், மகனையும் 12 வயது மகளையும் சோபாவில் உட்கார வைத்தேன். வேலைக்குத் தயாராவது போலச் சொற்பட்டியல் அச்செடுத்து வைத்திருந்தேன். 45 நிமிடம் பேசினேன். முடிவில் "ஏதாவது கேள்வி இருக்கா?" என்றதற்கு மகள், "நாங்க போகலாமா?" என்றாள்.

பிறகு கண்டுபிடித்தது: முகம் பார்க்காத இடம்தான் நல்ல இடம். கார் ஓட்டும்போது, பேருந்துக்குக் காத்திருக்கும்போது, துவைத்த துணி மடிக்கும்போது. இரண்டு நிமிடம் போதும். ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். பதில் வராது. வராவிட்டால் காதில் விழவில்லை என்று அர்த்தமில்லை. நான் காரில் சொன்ன ஒன்றைப் பற்றி மகள் நான்கு மாதம் கழித்துக் கேள்வி கேட்டாள்.

தொலைக்காட்சியில் முத்தக் காட்சி வந்தால் ரிமோட்டைத் தேடாதீர்கள். காட்சி முடியட்டும். "அந்தப் பொண்ணு வேண்டாம்னு தள்ளினா, அவன் கேட்கலையே. உனக்கு அது காதலாத் தெரியுதா?" என்று ஒரு வரி போதும். சம்மதம் என்றால் என்ன என்பதைத் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று, வீட்டுக்கு வந்த உறவினரைக் கட்டிப்பிடிக்கச் சொல்லிப் பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டு, அன்று மாலையே "உன் உடம்பு உன்னுடையது" என்று பேசினால் எடுபடாது.

அதே தொலைக்காட்சி முன்னால் ஓரினக் காதலர்களைப் பற்றி நாம் போகிறபோக்கில் அடிக்கும் கிண்டலையும் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கே அப்படியோர் ஈர்ப்பு இருந்தால், நம்மிடம் வரக் கூடாது என்று அன்றே முடிவு செய்திருக்கும்.

எதை, எப்போது

மாற்றம் தொடங்குவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 8 வயதிலிருந்து 13 வயதுக்குள், ஆண் பிள்ளைகளுக்கு 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் உடம்பு மாறத் தொடங்குகிறது. "இன்னும் சின்னப் பிள்ளை" என்று நாம் நினைக்கும் வயதுதான் அது. இன்னொன்று, மகளுக்குரியதை மகனுக்கும் மகனுக்குரியதை மகளுக்கும் சொல்லுங்கள். அம்மா மகளோடு, அப்பா மகனோடு என்று பிரித்தால், அப்பாக்கள் நழுவிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் வீட்டில் ஒருவரும் எதுவும் சொல்லாமல் விடப்படுவது ஆண் பிள்ளைதான்.

மாதவிடாய் வந்த முதல் இரண்டு மூன்று வருடம் நாள் கணக்கு ஒழுங்காக இருக்காது. 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் வலியால் மாதாமாதம் பள்ளிக்குப் போக முடியவில்லை என்றாலோ, மணிக்கொரு தடவை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, "எனக்கும் அப்படித்தான் இருந்தது, பொறுத்துக்கோ" என்று சொல்லிவிடாதீர்கள். மருத்துவரிடம் போங்கள். நமக்கு இருந்த வலியும் பார்க்கப்பட்டிருக்க வேண்டிய வலியாக இருந்திருக்கலாம்.

பையனுக்குத் தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இல்லாவிட்டால் நோய் என்று நினைத்துக்கொண்டு மறைப்பான். விந்து போனால் சத்து போகும், முதுகெலும்பு தேயும் என்று நாம் கேட்டு வளர்ந்த கதைக்கு ஆதாரம் கிடையாது. சுயஇன்பத்தால் உடம்புக்குக் கேடு இல்லை. அது தனியறைக்குரிய விஷயம், அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகத் துணி துவைக்கும் இயந்திரத்தை எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுத்தேன். "இனிமே உன் படுக்கை விரிப்பை நீயே எப்ப வேணும்னாலும் துவைச்சுக்கலாம், ஏன்னு யாரும் கேக்க மாட்டோம்." அவனுக்குப் புரிந்துவிட்டது. அப்பா பிறகு மீதியைச் சொன்னார்.

விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் எந்த நேரமானாலும் எழுப்ப வேண்டும். ஆண் பிள்ளை வைத்திருக்கும் எல்லோரும் இந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அடுத்த வாரம் பேசினாலும் சரி.

தடுப்பூசி அறையில்

உடலுறவு வழியாகப் பரவும் எச்பிவி என்ற வைரஸுக்கான தடுப்பூசி பற்றி மருத்துவர் பேசும்போதெல்லாம் எனக்குத் தெரியும், அடுத்த வரி என்ன வரும் என்று. "எங்க பொண்ணு அந்த மாதிரி இல்லைங்க." இதையும் நான் மொழிபெயர்த்தாக வேண்டும். மருத்துவர் முகத்தில் குழப்பம் தெரியும், ஏனென்றால் அவர் பேசியது புற்றுநோயைப் பற்றி. கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே இந்த வைரஸால் வருவது. அதைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஊசி 2006இல் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுத்துப் போடச் சொல்கிறது. பல நாடுகளில் பையன்களுக்கும் போடுகிறார்கள். வைரஸ் உடம்பில் சேர்வதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன் என்பதால்தான் இவ்வளவு சின்ன வயது. பிள்ளையின் நடத்தைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் ஆசைப்படுகிறபடியே உங்கள் மகள் திருமணம் வரை காத்திருந்தாலும், வருகிற மாப்பிள்ளையின் உடம்பில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பள்ளியிலிருந்து பாலியல் கல்விக் கடிதம் வரும்போதும் இதே கதைதான். "என் பிள்ளை கலந்துகொள்ள வேண்டாம்" என்ற கட்டம் இருந்தால், கடிதத்தைப் படிக்காமலே அதில் குறியிட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. பாடத்தில் என்ன இருக்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேளுங்கள். இப்படிப்பட்ட கல்வி பிள்ளைகளை முன்கூட்டியே உடலுறவில் இறக்கிவிடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியும் அதையே சொல்கிறது. நீங்கள் விலக்கிவைத்தால் பிள்ளைக்குத் தெரியாமல் போகாது. இடைவேளையில் பக்கத்து இருக்கைப் பையன் சொல்வான், அவனுக்குத் தெரிந்த அளவில்.

விருப்பம் ஒன்று, விவரம் இன்னொன்று

நம் வீட்டுக்கென்று ஒரு நெறி இருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. "படிப்பு முடிகிற வரை இதெல்லாம் வேண்டாம் என்பது எங்கள் ஆசை" என்று நேராகச் சொல்லுங்கள். ஆனால் அத்தோடு நிறுத்தாதீர்கள். "அப்படி ஒன்று நடந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்று இரண்டாவது பாதியையும் சொல்லுங்கள். முதல் பாதி மட்டும் கேட்ட பிள்ளை, தவறு நேர்ந்த அன்று நம்மிடம் வராது. அந்த நாட்களில் தாமதம்தான் கெடுக்கும், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கு இருக்கிறது.

அவசரக் கருத்தடை மாத்திரையில் லெவோநார்ஜெஸ்ட்ரல் வகையை உடலுறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், யுலிப்ரிஸ்டல் வகையை 120 மணி நேரத்துக்குள். எதுவானாலும் சீக்கிரம் எடுப்பது நல்லது. எச்ஐவி தொற்றியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். பாலியல் வன்முறை நடந்திருந்தாலும் இதே கெடு. பிள்ளை குளியலறையில் அழுதுகொண்டு இரண்டு நாளைக் கடத்தினால் 72 மணிக் கெடுவில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும்.

ஆணுறையைப் பற்றியும் பேசுங்கள். ஒவ்வொரு தடவையும் சரியாகப் பயன்படுத்தினால், ஒரு வருடத்தில் 100 பெண்களில் 2 பேர்தான் கருத்தரிப்பார்கள். நடைமுறையில் 13 பேர். இந்தப் பதினொரு பேர் வித்தியாசம் பயன்படுத்தும் விதத்தில் வருவது: தேதி பார்க்காதது, பர்ஸில் மாதக்கணக்கில் வைத்து நசுக்கியது, எண்ணெய் தடவியது, பாதியில் போட்டது. எண்ணெய் பட்டால் லேட்டக்ஸ் கிழியும். கருத்தடை மாத்திரை கருவைத் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. கிளமிடியா போன்ற தொற்றுகள் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து, பெண்களுக்குக் கருக்குழாயைக் கெடுத்துவிடும். சிறுநீர்ப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம், மருந்தில் குணமாகிவிடும்.

மருத்துவரிடம் போகும்போது

இது என் தொழில், இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். புதிதாக வந்த குடும்பங்களில் மொழி முதலில் பிள்ளைக்குத்தான் வருகிறது, அதனால் வங்கிக்கும் பிள்ளை, மருத்துவமனைக்கும் பிள்ளை. பன்னிரண்டு வயதுப் பையன் தன் அம்மாவின் ரத்தப்போக்கை மருத்துவரிடம் விவரித்ததை நேரில் பார்த்திருக்கிறேன். மறுபடி அவன் அம்மாவோடு அந்தப் பக்கமே வரவில்லை. முன்பதிவு செய்யும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

"அந்த மொழிபெயர்ப்பாளர் நம்ம ஆளாச்சே, வெளியே சொல்லிவிட்டால்?" இந்தப் பயம் எனக்குத் தெரியும். நான் அறைக்குள் நுழைந்ததும் முகம் வெளிறிய பெண்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு விதி. ஆனாலும் நெருக்கமான சின்னச் சமூகத்தில் அச்சம் இருக்கத்தான் செய்யும். தொலைபேசி வழியாக, வேறு ஊரில் இருக்கும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பெயர் சொல்லாமலே பேசலாமா என்றும் கேட்கலாம். பிள்ளைக்கு உள்ளூர் மொழி சரளமாக வருமென்றால் தன் விஷயத்துக்கு மொழிபெயர்ப்பாளரே தேவையில்லை.

அப்புறம், மருத்துவர் "கொஞ்ச நேரம் பிள்ளையோடு தனியாகப் பேசுகிறேன்" என்றால் எழுந்து வெளியே போய்விடுங்கள். பல பெற்றோர் அப்போது நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். என் மகளுக்கு அப்படிக் கேட்டபோது நானும்தான் பிடித்துக்கொண்டேன், கைப்பையை எடுக்கிற சாக்கில் இரண்டு நிமிடம். எந்த வயதில் எதைப் பெற்றோரிடம் சொல்வார்கள், எதைச் சொல்ல மாட்டார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிள்ளை முதலிலேயே "நான் சொல்வதை அம்மா அப்பாவிடம் சொல்வீர்களா?" என்று மருத்துவரைக் கேட்கலாம். அப்படிக் கேட்கலாம் என்பதை நீங்களே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கைப்பேசி

"போனை வாங்கி வைத்துவிடுவேன்", "ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவேன்." இந்த இரண்டையும் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். நிர்வாணப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு மிரட்டுகிறவன் பிள்ளையிடம் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: "உன் வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் தெரியுமா?" நாம் ஏற்கெனவே மிரட்டி வைத்திருந்தால் அவன் வேலை சுலபம்.

அப்படி நேர்ந்தால் பணம் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இன்னும் கேட்பான். செய்திகளை அழிக்கக் கூடாது, படம்பிடித்து வைக்க வேண்டும். பேச்சை நிறுத்திவிட்டு அந்தத் தளத்திலும் காவல்துறையிலும் புகார் கொடுக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் படங்களுக்கு டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது, அமெரிக்காவில் காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது, வேறு நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். படத்தை எங்கேயும் ஏற்ற வேண்டியதில்லை. படத்திலிருந்து ஓர் எண் அடையாளத்தை மட்டும் எடுத்து, இதில் சேர்ந்திருக்கும் தளங்களுக்கு அனுப்பி, அங்கே அது இருந்தால் நீக்க வைக்கிறார்கள். அன்றிரவு பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். திட்டுவதற்கு வேறொரு நாள் கிடைக்கும். அந்த நாள் வரும்போது திட்டத் தோன்றாது.

சொதப்பினால்

சொதப்புவீர்கள். மகள் தன் தோழிக்குக் காதலன் இருக்கிறான் என்று சொன்ன நொடியில் நான் "அவ கூட இனிமே சேராதே" என்றேன். வாய் முந்திக்கொண்டது. மறுநாள் துணி மடிக்கும்போது, "நேத்து நான் சொன்னது சரியில்ல. பயத்துல சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு நல்லா இருக்காளா?" என்று கேட்டேன். மகள் ஒரு சட்டையை இரண்டு தடவை மடித்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

இதை எழுதலாமா என்று மகனிடம் அனுமதி கேட்டேன். இப்போது அவனுக்கு 18. "எழுது. ஆனா வயிறு வலின்னு எழுதிட்டு விட்டுடாதே, சரியான வார்த்தையைப் போடு" என்றான். தமிழில் சரியான வார்த்தை என்ன என்று திருப்பிக் கேட்டேன். தெரியவில்லை. சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "செடிக்குப் போடறதும் இதேதானாம்மா?" என்றான்.